சொல்லாத வீட்டுக்குப் போன சீஸ் டிப்

1

கார்த்திகை 11, செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியை அப்படியே பிரதி செய்கிறேன். மகள் தமிழை இங்கத்தைய டெனிஷ் எழுத்துகளில்தான் எழுதுவாள். எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன், சொற்களில் கை வைக்கவில்லை.

"அப்பா, சனிக்கிழமை எங்கடை புது வீட்டில பார்ட்டி. அம்மான்ரை சீஸ் டிப் செய்து தருவீங்களா? சூடா சாப்பிடுறது. வாற ஆக்கள் பாண், உருளைக்கிழங்கு ஒண்டும் சாப்பிடமாட்டினம். சட்டியை எடுக்க நான் ரெண்டு மணிக்கு வாறன்."

கீழே ஒரு மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எப்போது ஆயத்தமாக இருக்க வேண்டும் எல்லாம் இருந்தன. 'நீங்களும் வாங்கோ' என்று மட்டும் இல்லை.

டென்மார்க்கில் யூலாந்துப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். எண்பதுகளில் வந்தவன். வேலை செய்த காலமெல்லாம் இங்குள்ள ஒரு பால் தொழிற்சாலையில் சீஸ் பொதி செய்யும் பகுதியில் நின்றேன். மனைவி காலமான பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டில் தனியாள். ஒரே மகள் ஆரணி ஓகூஸ் நகரத்தில் தன் துணைவனுடன் இருக்கிறாள். காரில் ஒரு மணித்தியாலத் தூரம். அவர்கள் சொந்தமாக வீடு வாங்கியதை நான் அறிவேன். சுவருக்கு என்ன நிறம் என்று படம் அனுப்பிக் கேட்டாள், நானும் சொன்னேன். ஆனால் அந்த வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை.

புது வீடு புகும் இந்த நாளை நம் ஊரில் குடிபூரல் என்போம். பால் காய்ச்சி, அது பொங்கி வழிகிற நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் நிற்பார்கள். இங்கே பார்ட்டி. பாலுக்குப் பதில் சீஸ். அதைக் காய்ச்சும் பொறுப்பு எனக்கு. பக்கத்தில் நிற்கும் பொறுப்பு யாருக்கு என்பது செய்தியில் இல்லை.

2

அந்த டிப்பின் வரலாற்றையும் குறித்துவைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம் சீஸ் மணம் பொறுக்காமல் மூக்குக்குள் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போனவன் நான். மாத முடிவில் ஆளுக்கொரு கட்டி இலவசமாகத் தருவார்கள். அதைக் கொண்டுவந்து பல்கனியில் வைப்பேன், காகம்கூடத் தொடாது. பிறகு எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னார். மாச்சத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு தாளும் தந்தார். அந்தத் தாளின்படி பார்த்தால் எங்கள் பிறந்தநாள் விழாக்களில் எனக்கு ஒரு பண்டமும் இல்லை. றோல்ஸ், பட்டிஸ், கட்லட், கேக் எல்லாம் மாவும் கிழங்கும் சீனியும். நான் தண்ணீர்ப் போத்தலோடு ஒரு மூலையில் நிற்பேன்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. வெறுஞ்சட்டியோடு விழாவுக்குப் போவதும் அவளுக்குப் பழக்கமில்லை. பல்கனிச் சீஸை எடுத்தாள், உருக்கினாள், கீரை போட்டாள், ஊர்க் கறித்தூள் போட்டாள், வெள்ளரிக்காயை நீளமாக வெட்டி வைத்தாள். முதல் விழாவில் ஒருவரும் தொடவில்லை. ருசி பார்த்துவிட்டு வேண்டாமென்றவர்கள் அல்லர். ஒரே கோப்பைக்குள் எல்லோரும் தோய்த்துத் தின்பது எச்சில் அல்லவா? அடுத்த முறை அவள் ஒரு கரண்டியைப் போட்டு, அவரவர் தட்டில் கறி பரிமாறுவதுபோல ஊற்றிக் கொடுத்தாள். சட்டி வழித்தெடுக்கப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் சீனி வருத்தக்காரர் எல்லோருக்கும் அது ஆகிவந்த பண்டம். ஆரணி அதைத் தின்று வளர்ந்தவள்.

மனைவி இருந்தபோது இந்த 'சொல்வது', அதாவது வாயால் அழைப்பது, பற்றிய தொல்லையும் எனக்கு இருந்ததில்லை. மகளுக்கும் எனக்கும் நடுவில் அவள் நிற்பாள். 'பிள்ளை எங்களை வரச் சொன்னவள்' என்பாள். பிள்ளை உண்மையில் சொன்னாளா, இவளே சொல்லிக்கொண்டாளா என்று நான் விசாரித்ததில்லை.

3

அதே வாரம் நகரசபையிலிருந்தும் ஒரு கடிதம் கணினித் தபாற்பெட்டிக்கு வந்திருந்தது. நான் இன்னமும் தனியாகத்தான் வசிக்கிறேனா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். தனியாள் ஓய்வூதியம் பெறுபவர்களிடம் இடைக்கிடை கேட்பார்கள். 'ஆம்' என்ற கட்டத்தில் அழுத்தினால் சரி. 'நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?' என்று இயந்திரம் மறுபடி கேட்டது. அதற்கும் ஆம்.

முதல் தடவை இது காகிதத்தில் வந்தது. தனியாக வசிப்பவர் என்பதற்கு இங்கே ஒரு சொல், தனிமையில் வாடுபவர் என்பதற்கு வேறொரு சொல். நான் இரண்டாவதை எழுதிக் கொடுத்துவிட்டேன். கருமபீடத்தில் இருந்த பெண் அதை வாசித்து, என்னைப் பார்த்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். அடுத்த மாதம் முதியவர்களைப் பார்க்க வரும் தொண்டர் ஒருவரை எனக்கு ஒழுங்குசெய்துவிட்டார்கள். பிழையாக எழுதிவிட்டேன் என்று விளங்கப்படுத்தி அதை நிறுத்த மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. நான் எழுதி முடிப்பதற்குள் அந்த மனிதர் ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டும் போனார். நல்ல மனிதர். ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: இன்ன நாள், இன்ன நேரம் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

4

புதன்கிழமை ஊரில், சுன்னாகத்தில் இருக்கும் அக்காவுடன் கதைத்தேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூட ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். கதைக்கும்போது கைத்தொலைபேசியை நெற்றிக்கு நேரே பிடிப்பதால் எனக்கு எப்போதும் அவளுடைய கண்ணும் முகட்டு ஓடும்தான் தெரியும்.

ஆரணி வீட்டில் சனிக்கிழமை விழா, டிப் செய்கிறேன் என்றேன். டிப் என்றால் என்ன என்று மறுபடி கேட்டு, பாலில் செய்ததுதானே, அப்ப சரி, குடிபூரலுக்கு உதவும் என்றாள். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"உனக்குச் சொன்னவளோ?"

"டிப் செய்யச் சொன்னவள்."

"அதில்லையடா. வரச் சொன்னவளோ எண்டு கேக்கிறன்."

அக்காவின் கண் திரையில் பெரிதாகியது.

"அப்ப உன்னைக் கோக்கியாத்தான் பிடிச்சிருக்கிறாள்" என்றாள். சமையற்காரனுக்கு எங்கள் பக்கம் வழங்கும் சொல். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு முந்தி முடிந்தது.

ஊரிலுள்ளவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்களில் கலியாணமென்றாலும் குடிபூரலென்றாலும் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். கணவனும் மனைவியுமாக வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, நாளையும் நேரத்தையும் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு கிட்டின சொந்தமோ அவ்வளவு முந்திச் சொல்ல வேண்டும். செத்த வீட்டுக்கு மாத்திரம் ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கேள்விப்பட்ட உடனே போவோம்.

உடுவிலில் இருந்த சித்தப்பா தன் மூத்த மகளின் கலியாணத்தை ஐயாவுக்கு, எங்கள் தகப்பனுக்கு, சந்தையில் வைத்துச் சொன்னார். ஐயா வெங்காயம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நின்ற இடத்தில், கூட்டத்துக்குள், 'அண்ணை, ஆவணியிலை பிள்ளைக்குக் கலியாணம், வாங்கோ' என்றாராம். ஐயா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சந்தையிலை சொன்ன கலியாணத்துக்குச் சந்தைக்குத்தான் போகலாம்" என்றார். சித்தப்பா பிறகாவது வீட்டுக்கு வருவார் என்று அம்மா நம்பினாள். நம்பி, பயற்றம்பணியாரமும் அரியதரமும் சுட்டுத் தகரப்பெட்டி நிறைய அடுக்கி வைத்தாள். சித்தப்பா வரவில்லை. கலியாணத்தன்று ஒலிபெருக்கியில் போட்ட மேளம் வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி எங்கள் முற்றம்வரை கேட்டது. அவ்வளவு கிட்ட. அந்தப் பெட்டியை அம்மா எங்களுக்கும் திறந்து தரவில்லை. பிறகு ஒருநாள் எறும்பு மொய்த்துவிட்டது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை. ஐயாவின் செத்த வீட்டுக்குச் சித்தப்பா வந்தார், ஒருவரும் சொல்லாமலே.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ஐயா பிடிவாதக்காரர் என்பதுதான் அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

"வியாழன், வெள்ளி கிடக்குத்தானே. ரெலிபோன் எடுப்பாள்" என்று அக்கா சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு செய்தி வந்தது: கீரை கனக்கப் போடட்டாம்.

5

சனிக்கிழமை காலை வெளியே தூறல். முகம் வழித்து, முழுகி, நீலச் சேர்ட்டை அழுத்தி மாட்டிவைத்தேன். ஒருவேளை கூப்பிட்டால் என்று.

கடையில் பொதியில் வரும் துருவிய சீஸை வாங்கக்கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதற்குக் கிழங்கு மா தூவுவார்கள். மாச்சத்து வேண்டாமென்று செய்யும் பண்டத்துக்குள் அது களவாகப் புகுந்துவிடும். கட்டியாக வாங்கி நாமே துருவ வேண்டும். அதிகம் முதிராத சீஸ் நல்லது. முதிர்ந்தது மணமாக இருக்கும், ஆனால் சூடு பட்டதும் எண்ணெய் பிரிந்து மேலே வந்து, அடியில் றப்பர்போலத் திரண்டுவிடும்.

அடி தடித்த சட்டியில் ஒரு பொதி கிறீம் சீஸும் அரைக் கோப்பைச் சமையல் கிறீமும் போட்டு, மிக மெல்லிய சூட்டில் கரைய விட்டேன். வேறு வீடுகளில் இறுக்கத்துக்கு மா கரைத்து ஊற்றுவார்கள். இதற்கு அது தேவையில்லை, கிறீம் சீஸே பிடித்துவைத்திருக்கும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, துருவியதைப் பிடி பிடியாகப் போட்டு ஒரே பக்கமாகத் துழாவினேன். முந்தினது கரைந்த பிறகுதான் அடுத்தது. கீரையை அவித்து, துணியில் கட்டிப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அரிந்து சேர்த்தேன். உள்ளிப்பூண்டு, கொஞ்சம் மிளகு, மனைவி போடும் அளவில் அக்கா அனுப்பிய கறித்தூள், கடைசியில் எலுமிச்சை பிழிந்து சில துளி தேசிப்புளி. புளி பட்டதும் பளபளவென்று வழுக்கி வரும். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். வேலை செய்த காலத்தில் சீஸை எப்போதும் குளிராகவே கண்டவன் நான்.

தோய்த்துத் தின்ன வெள்ளரி, செலரி, குடைமிளகாய், சிறு பூக்களாக உடைத்த கோலிபிளவர். எல்லாம் வெட்டி ஈரத்துணியால் மூடினேன். டிப்பை மனைவியின் மூடியுள்ள பீங்கான் சட்டிக்கு மாற்றி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கரண்டியையும் மறக்காமல் வைத்தேன். பிறகு நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தேன்.

6

அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். அவளுடைய காலணிச் சத்தம் படியில் தாயினுடையதுபோலவே இருக்கும். வாசலில் நின்று முகர்ந்து பார்த்து, "அம்மான்ரை மணம்" என்றாள். மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கினாள். கண்டிக்க ஆள் இல்லை.

"இதை ஓவனிலை வைக்கலாமோ அப்பா?"

"வைக்கப்படாது. பிரிஞ்சுபோம்."

"அப்ப எப்பிடிச் சூடாக்கிறது?"

பெரிய பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, அதற்குள் இந்தச் சட்டியை இறக்கி வைக்க வேண்டும், தண்ணீர் கொதிக்கக்கூடாது, ஆவி வந்தால் போதும், இடைக்கிடை துழாவ வேண்டும், இறுகினால் ஒரு கரண்டி கிறீம் விட வேண்டும், ஆட்கள் வந்து இருந்த பிறகுதான் மேசையில் வைக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கார்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இவ்வளவும் ஞாபகம் இருக்காது அப்பா."

"எழுதித் தாறன்" என்றேன்.

எழுதினேன். தேதியும் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்பதால் டெனிஷ் மொழியில். நான் எழுதி முடிக்கும்வரை அவள் என் சேர்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாளை வாங்கி மடித்துப் பொக்கற்றில் வைத்தாள்.

"வேறை என்ன அப்பா?"

"வேறை ஒண்டுமில்லை. பிள்ளை கவனமா ஓடு. மழை."

இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு, "சரி அப்ப, போட்டு வாறன்" என்று என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு இறங்கினாள். மரக்கறித் தட்டத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி வந்து சட்டியை எடுத்துப் போனாள். நான் குசினி யன்னலால் பார்த்தேன். காரின் பின் பக்கத்தில் கதிரைகள், பெட்டிகள் என்று நிறையச் சாமான். அவற்றுக்குள் இடம் உண்டாக்கிச் சட்டியைக் கீழே இறுக்கி வைத்தாள். தட்டத்தை ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். முன் இருக்கையில் ஒன்றுமே இல்லை. ஒரு பீங்கான் சட்டி வசதியாக இருந்திருக்கக்கூடிய இடம் அது. பிறகு கார் உடனே புறப்படவில்லை. துடைப்பான் கண்ணாடியில் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருந்தது. ரெலிபோன் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

பின்னேரம் அடுப்புச் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை மிஞ்சின வெள்ளரித் துண்டுகளால் வழித்துத் தின்றேன். ஆறிப்போயிருந்தது. ஒருவர்தான் என்பதால் தோய்த்தே தின்றேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அக்காவே அழைத்தாள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், தாள் எழுதியது உட்பட. அவள் வழமையாக இடைமறிப்பவள். அன்று முடியும்வரை கேட்டாள்.

"ஒரு சட்டிக்காக ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தவளோ?" என்றாள். "அங்கை கடையளிலை உது விக்கிறேல்லையோ?"

விற்கிறது. அவளுடைய வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறதென்று அவளே எழுதியிருந்தாள். நான் சொல்லவில்லை.

இங்கத்தையவர்கள் விழாவுக்கு எழுத்தில் அழைப்பு அனுப்புவார்கள். வருவதா இல்லையா என்று பதிலும் எழுத வேண்டும். ஆனால் அது வெளியாருக்கு. பெற்ற தகப்பனுக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நாங்கள் கிட்டின சொந்தத்துக்கு முந்திச் சொல்கிறோம், அவர்கள் கிட்டின சொந்தத்துக்குச் சொல்வதே இல்லை. இவள் இரண்டில் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"பேந்தென்ன, இது தெரிஞ்சுகொண்டோ வீட்டிலை இருந்தனி?"

"அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே அக்கா."

அக்கா கைத்தொலைபேசியை மடியில் கிடத்தினாள். திரையில் முகட்டு ஓடு மட்டும் தெரிந்தது.

"உடுவில் கலியாணத்தண்டு ஐயா என்ன செய்தவர் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்றாள். "நீ சின்னன். முத்தத்திலை விளையாடிக்கொண்டு நிண்டனி. விடியவே முழுகிப்போட்டு, பட்டு வேட்டியும் சால்வையுமா உள்ளறைக் கதிரையிலை வந்து இருந்தவர். கடைசி நேரத்திலையாவது ஆரும் வந்து கூப்பிடுவினம் எண்டு. தாலிகட்டு மேளம் கேட்டாப் பிறகுதான் எழும்பி வேட்டியை மாத்தினவர். நான்தான் மடிச்சு வைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவர்."

நான் கதிரையின் முதுகில் தொங்கிய நீலச் சேர்ட்டைப் பார்த்தேன். ஐயாவைப் பற்றி எத்தனையோ குறிப்புகள் எழுதிவைத்திருக்கிறேன். இது ஒன்றிலும் இல்லை.

"சட்டி அங்கைதானே கிடக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"ஓம்."

"உன்ரை சட்டியை நீ எடுக்கப் போறதுக்கும் அவள் வெத்திலை வைச்சுச் சொல்லவேணுமோ?"

8

குசினி நாட்காட்டியில் வருகிற சனிக்கிழமைக் கட்டத்துக்குள் 'சட்டி எடுத்தல், ஓகூஸ்' என்று எழுதியிருக்கிறேன். பஸ் நேரம் பார்த்தாயிற்று. மகளுக்கு அறிவிக்கவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் பால் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த அடுப்பில் இதுவரை யாரும் பால் காய்ச்சியிருக்கமாட்டார்கள்.

விழா நல்லபடி நடந்ததாக மகள் செய்தி அனுப்பியிருந்தாள். வழித்த சட்டியின் படமும் வந்தது. அதன் பக்கத்தில், நான் எழுதிக் கொடுத்த தாள் சீஸ் கறையோடு விரித்தபடி கிடந்தது. இவை உறுதி. அன்று காரின் முன் இருக்கை எனக்காகத்தான் காலியாக விடப்பட்டதா, அல்லது சட்டி சரிந்துவிடுமென்று பின்னால் வைத்தாளா என்பதை இதை எழுதும்வரை நான் அவளிடம் கேட்டு உறுதிப்படுத்தவில்லை.